எட்டு மேசை, ஒரு திரை

1

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு என் கையில் இருந்த சீட்டின் இலக்கம் நாற்பத்தொன்று. இங்கே ஜேர்மனியில், எங்கள் நகரத்து வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு காலைப்பொழுதில் ஐம்பது பேர் வரை பார்ப்பார்கள். நாற்பத்தொன்று என்றால் நெஞ்சிடி இல்லாமல் இருக்கலாம். ஆனால் மதியம் அவர்கள் கதவைச் சாத்தியபோது என் கையில் இருந்த சீட்டில் எழுபத்துமூன்று என்று இருந்தது. என்னுடைய வதிவிட அட்டை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அலுவலகம் கிழமையில் செவ்வாயும் வியாழனும் மட்டும்தான் திறக்கும்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரே?" என்று என் மனைவி மலர் கேட்டாள். "நாப்பத்தொண்டை வைச்சிருந்த மனிசன் எழுபத்துமூண்டோடை வந்து நிக்கிறார்!"

எனக்குப் பதில் எப்போதும் பிந்தித்தான் வரும். மலருக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒரு சலவைத் தொழிற்சாலையில், ஒரு திரைக்கு முன்னால் தொடங்குகிறது. அதை வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

ஊரில் இருந்து படிப்பவர்கள், இருபத்திரண்டு வருடம் இருந்தவனுக்கு இன்னும் இரண்டு வருட அட்டைதானா என்று கேட்பீர்கள். நிரந்தர அட்டைக்கு மொழிப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். நான் அச்சுவேலியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் தவறியது. கடைசித் தடவை, தங்கிய விடுதியில் குறை இருந்தது என்று முறைப்பாட்டுக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எனக்கு டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், முறைப்பாடு செய்ய வராது. தமிழிலும் வராது.

ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, இவர் எங்களிடம் தொடர்ந்து வேலை செய்கிறார் என்று வேலைத்தளத்தில் கடிதம் வாங்கிக் கொடுக்க வேண்டும். கடிதம் இல்லையென்றால் அட்டை இல்லை. அட்டை இல்லையென்றால் வேலைத்தளத்துக்குள் விடமாட்டார்கள். ஒரு பெட்டியின் சாவி மற்றப் பெட்டிக்குள் இருப்பது போன்ற சீவியம்.

2

நான் வேலை செய்வது ஆஸ்பத்திரித் துணிகளைத் தோய்க்கும் ஒரு தொழிற்சாலையில். இயந்திரத்திலிருந்து சூடாக வரும் விரிப்புகளையும் துவாய்களையும் மடிப்பது எங்கள் வேலை. பத்துத் துண்டு ஒரு கட்டு. கட்டைக் கட்டியதும் மண்டபத்தின் நடுவில் இருக்கும் ஒரே கணினித் திரைக்குப் போய் என்ன துணி, எத்தனை கட்டு என்று தொட்டுப் பதிய வேண்டும். பதிந்த பிறகுதான் கட்டை வண்டியில் வைக்கலாம். பதியும் வரைக்கும் அது மேசையிலேயே கிடக்கும்.

முதலில் ஐந்து மேசை இருந்தது. துணி கூடியதும் இன்னும் மூன்று மேசை போட்டு ஆட்களும் எடுத்தார்கள். ஐந்து மேசையாக இருந்தபோது இரண்டு மணிக்கு முடிந்த வேலை, எட்டு மேசையான பிறகு மூன்று மணிக்கும் முடியவில்லை. ஒருவருக்கும் காரணம் தெரியவில்லை. எங்கள் மேற்பார்வையாளர் ஹைக்கோவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. நாங்கள் பஞ்சிப்படுகிறோமாம், சோம்பேறிகளாம்.

திரைக்கு முன்னால் எப்போதும் நாலைந்து பேர் நிற்பார்கள். நானும் போய் நிற்பேன். பின்னால் ஒருவர் வந்தால் விலகி, "நீங்கள் முதல்" என்பேன். டொச்சில் நான் பிழையில்லாமல் சொல்லும் இரண்டு சொல் அவை. என் விரல் திரையில் தடுமாறுவதை வேறொருவர் பின்னால் நின்று பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அதுதான் உண்மை. மரியாதை இரண்டாவது.

ஏழாம் மேசையில் செலாம் என்ற எரித்திரியப் பெண் இருந்தார். கடைசியாக வந்தவர்களில் ஒருவர், வாய்க்காரி. நான் கட்டோடு வருவதைக் கண்டால் வரிசை முழுவதற்கும் கேட்கச் சொல்வார்:

"வழி விடுங்கோ, நீங்கள்-முதல் வாறார்! இவருக்குப் பின்னாலை நிண்டா இவருக்கு முன்னாலை போயிடலாம்!"

எல்லோரும் சிரிப்பார்கள். எட்டாம் மேசை மாரெக், ஆறடிப் போலந்துக்காரன், என் தோளில் தட்டிவிட்டு உண்மையாகவே முன்னால் போவான். செலாம் அந்த வரிசையில் நின்றுதான் தன் மகளுக்குப் பல் விழுந்ததையும், ஊரில் தாய் நடக்க முடியாமல் இருப்பதையும் சொன்னார். எங்கள் எட்டுப் பேருடைய உடைந்த டொச்சும் அந்த இடத்தில் ஒன்றுக்கொன்று போதுமாக இருந்தது.

ஒரு நாள் ஹைக்கோ எங்களைக் கூப்பிட்டார். "எட்டுப் பேர் ஐந்து பேரின் வேலையையும் செய்யவில்லை. மாத முடிவில் இரண்டு பேர் போகவேண்டி வரும்" என்றார். சொல்லிவிட்டு மேசைகளைப் பார்த்தார். என் மேசையில்தான் பதியாத கட்டுகள் கழுத்தளவுக்குக் கிடந்தன.

கடிதம் வாங்க எனக்கு ஆறு கிழமை இருந்தது.

3

என் மகள் தனுஜா வேறொரு நகரத்தில் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறாள். இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு வருவாள். எங்களோடு தமிழ்தான் கதைப்பாள். ஆனால் எண்ணும்போதும் கோபம் வரும்போதும் டொச். அவள் தனக்குள் எந்த மொழியில் யோசிக்கிறாள் என்று கேட்டறிய எனக்குத் துணிவு இல்லை.

அந்த ஞாயிறு மத்தியானம் அவள் சோற்றைத் தொடாமல் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, முகம் உப்பிடி இருக்கு?"

"ஒண்டுமில்லையப்பா. சொன்னா உங்களுக்கு விளங்காது."

அதில் எகத்தாளம் இல்லை. வழமையாக நான் எழும்பிப் போய்விடுவேன். அன்றைக்கு ஹைக்கோவின் பேச்சு நினைவில் கிடந்ததாலோ என்னவோ, இருந்தேன்.

"விளங்காட்டியும் சொல்லன்."

அவள் பெருமூச்சு விட்டாள். "என்ரை புரோகிராமுக்குள்ளை எட்டுப் பேர் ஒரே நேரத்திலை வேலை செய்யினம் எண்டு வையுங்கோ. பெரிய ஒரு புத்தகத்தைப் பிரிச்சு எட்டுப் பேருக்கும் குடுத்துச் சொல்லுகளை எண்ணச் சொல்லியிருக்கிறன். எண்ணினதை எழுத ஒரு இடந்தான். ஒராள் எழுதேக்கை மற்ற ஏழு பேரும் பாத்துக்கொண்டு நிக்கவேணும்."

"நிண்டா?"

"நிண்டா, ஒராள் தனியச் செய்யிறதிலும் பாக்க எட்டுப் பேர் சேந்து செய்யிறது பிந்துது. ஆளைக் கூட்டக் கூட்ட இன்னும் பிந்துது. நாலு கிழமையிலை குடுக்கவேணும்."

என் கையில் இருந்த தேநீரை மேசையில் வைத்தேன். "பிள்ளை, உது எங்கடை வேலையிடம்."

திரையைப் பற்றிச் சொன்னேன். அவள் கணினியை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்துக் கனகாலம்.

"இதுக்கு எங்கடை ஊரிலை வழி இருக்கு" என்றேன். எங்கள் தோட்டக் கிணறு எட்டுப் பேருக்குப் பங்கு. என் தகப்பன் ஐயாவின் காணி உறுதிப் பத்திரத்தில் 'கிணற்றில் எட்டில் ஒரு பங்கும் வழிவாய்க்காலும்' என்று எழுதியிருக்கும். எட்டுப் பேரும் ஒன்றாக இறைக்க முடியாது, தண்ணீர் வற்றிவிடும். அதனால் முறை. இன்றைக்கு இன்னாருக்கு, நாளைக்கு இன்னாருக்கு. எங்கள் முறை பள்ளிக்கூட நாளில் வந்தால் நான் பள்ளிக்கூடம் போகாமல் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவேன். எட்டு நாளுக்கு ஒருநாள் போகாதவன், பிறகு போகவே இல்லை. அந்தக் கிணற்றை நினைத்து நான் ஏங்குவதில்லை. ஆனால் முறை என்பதைப் பிழை என்று நினைத்ததும் இல்லை.

"முறை வைச்சா சண்டை வராது அப்பா," என்றாள் தனுஜா. "ஆனா வேலை கெதியா முடியாது, பிந்தும்."

அவள் சொன்னதில் முதல் பாதியை மட்டும் நான் காதில் வாங்கினேன்.

4

திங்கட்கிழமை இடைவேளையில், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஏழு பேருக்கு முன்னால் ஒரு யோசனை சொன்னேன். ஒரு மேசைக்கு ஐந்து நிமிடம். முதலாம் மேசை, இரண்டாம் மேசை என்று வரிசையாக. மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை திரைப் பக்கம் வரக்கூடாது.

எல்லோரும் சம்மதித்தார்கள். நான் பேசியதே அவர்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்திருக்கும்.

இரண்டே நாளில் நிலைமை முன்னையதைவிட மோசமானது. தோட்டத்தில் முறை இல்லாதவனுக்குப் புல்லுப் பிடுங்கவும் புழுப் பொறுக்கவும் வேறு வேலை இருக்கும். வெங்காயமும் எட்டு நாள் பொறுக்கும். இங்கே மேசை நிறைந்தால் மடிக்க இடமில்லை, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எனக்கு முறை வந்தபோது பெரிய விரிப்பு, ஒரு கட்டும் முடிந்திருக்காது. ஐந்து நிமிடமும் திரை சும்மா எரிந்துகொண்டிருக்கும். துவாய் மடிக்கும் மாரெக்கோ பன்னிரண்டு கட்டை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நிற்பான். ஏழு பேர் வெறுமனே நின்று வெறுமனே நிற்கும் திரையைப் பார்த்தோம்.

ஹைக்கோ அதைக் கண்டுவிட்டார். "இது யாருடைய யோசனை?" என்று கேட்டார்.

நான் நிலத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் வேலை போய்விடும், திறக்காவிட்டாலும் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

"எல்லாருடையதும்" என்றார் செலாம். "எட்டுப் பேரும் சேர்ந்து யோசித்தது. எட்டுப் பேரையும் அனுப்பு, பிறகு நீ இருந்து மடி."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஹைக்கோ முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். பிறகு நான் செலாமுக்கு நன்றி சொல்லப் போனேன். "நன்றி வேண்டாம், நீங்கள்-முதல். அடுத்த தடவை நல்லதாக யோசி" என்றார்.

5

யோசித்தேன். திரைக்குப் போவதால்தானே பிந்துகிறது? சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டினேன். கோடு கீறி எட்டு நிரல். கட்டு முடிந்ததும் அவரவர் தன் நிரலில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கட்டை வண்டியில் வைக்கலாம். நான் மணிக்கொரு தடவை எண்ணித் திரையில் பதிவேன். ஒரு கிழமை பார்ப்போம் என்று ஹைக்கோ விட்டார்.

அதுவும் சரிவரவில்லை. திரைக்கு முன்னால் நின்ற கூட்டம் தாளுக்கு முன்னால் நின்றது. பேனையை நூலில் கட்டித் தொங்கவிட்டேன், பிறகு எட்டுப் பேனை தொங்கவிட்டேன். அப்போதும் தோளோடு தோள் இடிபட்டது. செலாம் தன் நிரலில் கோடு போட வேண்டுமென்றால் மாரெக் முதுகை விலக்க வேண்டும்.

தனுஜா அடுத்து வந்த ஞாயிறு அவளிடம் சொன்னேன், என் மொக்குத்தனத்தைப் பற்றிச் சொல்லும் குரலில். "ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி நிரல் குடுத்தும் இடிபடீனம் பிள்ளை."

"நில்லுங்கோ, நில்லுங்கோ. எத்தினை தாள்?"

"ஒண்டு."

"வேறை வேறை நிரல், ஆனா தாள் ஒண்டு." அவள் எழும்பிவிட்டாள். பிறகு டொச்சில் ஏதோ சொன்னாள், கோபத்தில் சொல்வது. "அப்பா, நானும் உதைத்தான் செய்திருக்கிறன்! அண்டைக்குப் பிறகு அந்த ஒரு இடத்தை மாத்தி எட்டுப் பேருக்கும் எட்டு எண் குடுத்தன், பக்கத்திலை பக்கத்திலை. மெசின் ஒரு எண்ணை மட்டும் தனிய எடுக்காது, அந்த வரிசையை அப்பிடியே தூக்கும். ஒராள் தன்ரை எண்ணைத் தொட்டா மற்ற ஆக்களின்ரையும் பழசாப் போயிடும். ஐயோ, ரெண்டு கிழமையா இதுக்குள்ளை கிடந்து சாகிறன்."

அவள் அறைக்குள் ஓடினாள். ஒரு மணித்தியாலம் கழித்து வந்து ஆறிய சோற்றை நின்றபடியே சாப்பிட்டாள்.

"என்ன, சரியே?" என்று மலர் கேட்டாள்.

"எட்டுப் பேரையும் தள்ளித் தள்ளி இருத்தீட்டன் அம்மா. இப்ப பறக்குது." பிறகு என்னிடம், "அப்பா, தாளைக் கிழிச்சு எறியுங்கோ. ஒவ்வொரு மேசையிலையும் கோடு போட ஒவ்வொரு மட்டை. ஒருத்தரும் மேசையை விட்டு வெளிக்கிடக் கூடாது. கூட்டுறதையும் நீங்கள் தனியச் செய்யாதேங்கோ. முதலாம் மேசை ரெண்டாம் மேசையின்ரையைச் சேர்க்கட்டும், மூண்டு நாலாம் மேசையின்ரையை. எட்டு நாலாகும், நாலு ரெண்டாகும், ரெண்டு ஒண்டாகும். அந்த ஒண்டோடை மணிக்கொருக்கா ஒராள் திரைக்குப் போனாப் போதும்."

"ஆர் போறது?"

"நீங்கள் போங்கோ. உங்களுக்குப் பின்னாலை ஒருத்தரும் நிக்கமாட்டினம்."

அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. நான் நினைத்தேன், இவள் எங்களைக் கவனிப்பதில்லை என்று.

6

மட்டைகள் வந்த முதல் நாளே இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. ஒரு கிழமையில் ஒரு மணிக்கு. ஹைக்கோ என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மணிக்கொரு தடவை நான் ஒரு சின்ன மட்டையோடு நடுவுக்குப் போவேன். திரைக்கு முன்னால் ஒருவரும் இல்லை. என் விரல் தடுமாறினாலும் பார்ப்பாரில்லை.

எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் மண்டபத்தில் இயந்திரச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை என்பதை இரண்டாம் கிழமையில்தான் கவனித்தேன். ஆளுக்கு ஒரு மேசை, ஆளுக்கு ஒரு மட்டை. பக்கத்து மேசைக்காரர் மணிக்கொரு தடவை ஒரு எண்ணைச் சொல்வார், அவ்வளவுதான். செலாமின் தாய் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாமல் போனது. கேட்பதற்கு நிற்கும் இடம் ஒன்று இல்லை.

அந்தக் கிழமை ஊரில் இருக்கும் என் அண்ணையோடு தொலைபேசியில் கதைத்தேன். எங்கள் கிணற்றைக் கேட்டேன்.

"அதையார் இப்ப பாக்கிறது?" என்றார். "அவனவன் தன்ரை காணிக்குள்ளை குழாய்க்கிணறு அடிச்சிட்டான். கிணத்தடியிலை இப்ப சண்டையும் இல்லை, சனமும் இல்லை."

மாத முடிவில் ஹைக்கோ எங்களைக் கூப்பிட்டு நன்றி சொன்னார். ஒரு மணிக்கே வேலை முடிகிறது, ஆகவே இரண்டு மணிக்கு முடிக்க ஆறு பேர் போதும் என்றார். கடைசியாக வந்த இருவருடைய ஒப்பந்தம் நீளாது. மாரெக், செலாம்.

பஞ்சிப்பட்டதால் இரண்டு பேர் போவார்கள் என்று இருந்தது. கெட்டித்தனமாகச் செய்ததாலும் இரண்டு பேர் போனார்கள். மாறியது ஒன்றுதான். முதல் கணக்கில் நான் போயிருப்பேன்.

என் கடிதம் வந்தது. 'வேலை ஒழுங்கமைப்பில் சிறந்த பங்களிப்பு' என்று ஒரு வரி மேலதிகமாக இருந்தது. தனுஜா அதை வாசித்துத் தமிழில் சொன்னாள். நான் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. செலாம் போன அன்றைக்கு நான் திரையடியில் நின்றேன். அவர் தன் மட்டையை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கோடுகள் எல்லாம் சரியாக இருந்தன.

7

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் முப்பது கதிரை, நூறு சனம், ஒரு யன்னல். நான் விடியமுன் போனதால் நாற்பத்தொன்று கிடைத்தது. எட்டரைக்குச் செலாம் வந்தார். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். அவர் கையில் எழுபத்துமூன்று.

என்னைக் கண்டதும் பழைய மாதிரிச் சிரித்தார். "பார், இங்கே ஒருவரும் மட்டை கொடுக்கவில்லை" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்திருந்தால் அதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

தாய் போன மாதம் தவறிவிட்டாராம். வேலை போனதை அறிவித்து அட்டையை மாற்ற இன்றைக்குத்தான் கடைசி நாள். அதற்கான கடிதத்தைத் தொழிற்சாலை மிகவும் பிந்தித்தான் அனுப்பியிருக்கிறது. யன்னலுக்கு மேலே பன்னிரண்டு என்று எரிந்தது. எழுபத்துமூன்று வராது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் இருவரும் கதைத்துக்கொண்டு இருந்தோம், திரையடியில் போல.

மலருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான். ஊரில், நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் அது, எனக்குப் பதினெட்டு வயது. எட்டுப் பங்குக்காரரில் செல்லர் என்பவரோடு எங்களுக்கு வரம்புப் பிரச்சினையில் கதைபேச்சு இல்லை. அவருடைய முறையன்று எண்ணெய் கிடைக்காமல் அவர் இறைக்கவில்லை. நாற்று வாடிக் கிடந்தது. அடுத்த நாள் அவருக்கு எண்ணெய் கிடைத்தது, ஆனால் அன்றைக்கு எங்கள் முறை. ஐயா கிணற்றடியில் நின்று, செல்லரைப் பார்க்காமல், வாய்க்காலைப் பார்த்துச் சொன்னார்: "இண்டைக்கு எங்கடை முறையை ஆரும் எடுக்கிறதெண்டா எடுக்கலாம்." எங்கள் வெங்காயம் அந்தத் தடவை பாதி கருகியது. செல்லர் அதற்குப் பிறகும் எங்களோடு கதைக்கவில்லை.

முறை பிந்தும், பள்ளிக்கூடத்தை விழுங்கும், ஆளை நிற்கவைத்தே கிழவனாக்கும். எல்லாம் சரி. ஆனால் முறையை எடுத்து இன்னொருவரிடம் கொடுக்கலாம். மட்டையை அப்படிக் கொடுக்க முடியாது.

யன்னலுக்கு மேலே முப்பத்தெட்டு எரிந்தபோது நான் என் சீட்டை நீட்டினேன்.

"நீங்கள் முதல்" என்றேன்.

செலாம் சிரிக்கவில்லை. சீட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "உன் அட்டை என்றைக்கு?" என்று கேட்டார்.

"வெள்ளி."

"விசரன்" என்று அவருடைய மொழியில் சொன்னார் என்று நினைக்கிறேன். சீட்டை வாங்கித் தன்னுடையதை என் கையில் வைத்தார். நாற்பத்தொன்று எரிந்ததும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

8

இன்றைக்கு வியாழன். காலை ஆறேகால். அலுவலக வாசலில் நின்று, கடித உறையின் முதுகில் இதன் கடைசிப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு முன்னால் முப்பத்தாறு பேர். இன்றைக்கு உள்ளே போகாவிட்டால் நாளை மறுநாள் தொழிற்சாலை வாசல் எனக்குத் திறக்காது. ஹைக்கோ நல்ல மனிதர்தான், ஆனால் வாசலைத் திறப்பது ஹைக்கோ அல்ல.

வெளிக்கிடும்போது மலர் என் கழுத்துச் சால்வையை இறுக்கிக் கட்டினாள். "இண்டைக்கு ஆரும் அழுதாலும் நீங்கள் திரும்பிப் பாக்கக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணிவிட்டு வந்தேன்.

உள்ளே வெளிச்சம் போட்டுவிட்டார்கள். வரிசை ஒரு அடி நகர்ந்திருக்கிறது. எனக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் குழந்தை வண்டியோடு வந்து நிற்கிறாள் போல. சில்லுச் சத்தம் கேட்டது. இப்போது குழந்தை அழுகிறது.

நான் உறையைப் பார்த்தபடி எழுதிக்கொண்டே இருக்கிறேன்.